கறையான் தின்னாத சொற்கள்

கிளாக்கரையா யாரையாவது திட்ட நினைத்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் சொல் கிடைத்துவிடும். ஒரே ஒரு சொல், இங்கிலீசில், வெள்ளைக்காரனே மறந்துபோன சொல். திட்டு வாங்கியவர் அது திட்டு என்றே தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போவார்.

இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தலைவர் வருவார். பெயருக்குத்தான் தொழிற்சங்கத் தலைவர். ஆட்களுக்காக ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, துரையைக் கண்டால் இடுப்பு தானாக வளைந்துவிடும். ஒருநாள் ஐயா கண்ணாடியைத் துடைத்தபடி, "நீங்க ஒரு லிக்ஸ்பிட்டில், தலைவரே" என்றார். தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுத்த சங்கக் கூட்டத்தில், மாத்தளைக் கிளாக்கரையாவே தன்னை லிக்ஸ்பிட்டில் என்று பாராட்டியதாக அவரே மைக்கைப் பிடித்துச் சொன்னாராம். அடுத்தவன் எச்சிலை நக்கிப் பிழைக்கிறவன் என்பது அந்தச் சொல்லின் அர்த்தம். நானும் ஐயாவும் ஒரு வாரம் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் மோசமானவர்தான். ஆனாலும் தெரியாத பாஷையில் ஒருவரைக் கேவலப்படுத்திவிட்டு அவர் கும்பிடுவதை உட்கார்ந்து ரசிப்பது என்ன வீரம்?

எழுபத்துமூன்றிலிருந்து நான்கு வருஷம் நான் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை ஒன்றின் மாடியில் அவருடைய அறை. ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு. கீழே மூட்டை பிரித்தால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். அவர் முன்பு கொக்கோத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். எழுபத்திரண்டில் அந்தத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த துரை சிங்களத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார். ஐயாவுக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அந்த வயதில் மறுபடி அரிச்சுவடி பிடிப்பதா என்று கேட்டுக்கொண்டு வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, கந்தோர்களுக்கு மனுக் கொடுக்கிறவர்களுக்குப் பெட்டிசம் எழுத உட்கார்ந்தார்.

வரும்போது துரை வீட்டு டிக்ஷனரியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகம். பங்களாவில் ஒழுக்கு விழுந்த மூலையில் கிடந்ததால் பின்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. எஸ் எழுத்தில் தொடங்கி முடிவு வரைக்கும் வெறும் மண். அதனால் ஐயாவின் பெரிய சொற்கள் எல்லாம் ஏ-யில் தொடங்கி ஆர்-இல் முடிந்துவிடும். கறையான் விட்டுவைத்ததே ஒரு ஆயுசுக்குக் காணும் என்பார்.

வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு சொல் வைத்திருந்தார். சின்ன விஷயத்துக்குத் தொண்டை கிழியச் சண்டை போடுவது பிராபிள். குடித்துவிட்டு மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கிராப்யுலஸ். வேலையே செய்யாமல் வேலை செய்கிற மாதிரி தாளைப் புரட்டிக்கொண்டிருப்பது ஃபட்ஜல். அரசாங்கக் கந்தோர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அங்க ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும் ஃபட்ஜல்தானே" என்பார். மார்கழிக் காலையில் மலையைத் தாண்டி வெயில் ஜன்னலுக்கு வந்ததும் கையிரண்டையும் அதில் நீட்டிக்கொண்டு, குளிர்காலத்து வெயிலின் இதத்துக்கு மட்டும் இங்கிலீசில் தனியாக ஒரு சொல் உண்டு, அப்ரிசிட்டி என்று சொல்வார். அப்படிச் சொல்கிற நேரத்தில் அவரைப் பிடிக்காமல் இருக்க முடியாது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரைத் தேடி வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெட்டிசம் டைப் அடித்து முடிந்ததும் ஐயா எழுந்து நின்று, பூசை வாசகம் மாதிரி, உரக்க வாசித்துக் காட்டுவார். கேட்கிறவருக்கு ஒன்றும் புரியக்கூடாது. அதுதான் பெட்டிசத்தின் தரம். ஒருமுறை நாவுலவிலிருந்து ஒரு சிங்கள விவசாயி வாய்க்கால் தண்ணீர் விஷயமாக வந்திருந்தார். வாசிப்பின் நடுவில் வாட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. தனக்கே தெரிந்த சொல்லை எழுதுவதற்கு எதற்காக பஸ் ஏறி மாத்தளைக்கு வர வேண்டும் என்று கேட்டார். ஐயா கோபப்படவில்லை. நியாயம்தானே என்று சொல்லி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தண்ணீரை அக்குவியஸ் எலிமென்ட் ஆக்கி என்னைத் திரும்ப அடிக்கச் சொன்னார். விவசாயி திருப்தியாகப் போனார்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி, ஐயாவே உண்டாக்கியது என்று நினைக்கிறேன். கந்தோரில் முன்னால் உட்கார்ந்திருக்கிற கிளாக்கருக்குப் பெட்டிசம் புரிந்தால் அவனே ஏலாது என்று சொல்லி அனுப்பிவிடுவான். புரியாவிட்டால் பயந்துகொண்டு மேலே அனுப்புவான். மேலே பெரியவர் இருப்பார், அவருக்குப் புரியும். ஆகவே பெட்டிசத்தைக் கொடுக்கிறவர் வாயைத் திறக்கவே கூடாது. என்ன விஷயம் என்று கேட்டால், எல்லாம் அதிலே இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு போய் விசாரிக்கவும் கூடாது. விசாரித்தால் மேலே போன தாள் கீழே இறங்கிவிடும்.

இதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அது பலித்திருக்கிறது. நான் சேர்ந்த வருஷம் இங்கே ஒரு பெரிய உத்தியோகத்தர் இருந்தார். பழைய காலத்து ஆள், சீமைக்குப் போய்ப் படித்தவர். ஒரு தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஐயா எழுதிய பெட்டிசத்தை அவர் கந்தோர் முழுக்கக் கேட்கும்படி வாசித்துச் சிரித்திருக்கிறார். ஆள் அனுப்பி ஐயாவைக் கூப்பிட்டுக் கைகொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, எலிமாசினரி என்கிற சொல்லைத் தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு காண்பதாகச் சொன்னாராம். பாதை அடுத்த கிழமையே திறந்துவிட்டது. தருமமாகக் கொடுப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். அந்தப் பெரியவர் மறு வருஷம் பென்ஷனில் போய்விட்டார். அவருடைய கதிரைக்கு வந்தவர்கள் சிங்களத்தில் படித்து, சிங்களத்தில் பரீட்சை எழுதி வந்த இளம் ஆட்கள். ஐயாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் பென்ஷனில் போன அந்த ஒருவருக்காகத்தான் அவர் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எழுபத்துநாலில் தோட்டங்களில் பஞ்சம். அரிசி இல்லை, மா இல்லை, வேலையும் இல்லை. லயத்துச் சனங்கள் டவுனுக்கு இறங்கி வந்து கடை வாசல்களில் நின்றார்கள். ஒரு மத்தியானம் நானும் ஐயாவும் பாண் துண்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். படியேறி வந்த ஒரு பொம்பளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை, கையும் நீட்டவில்லை. எங்கள் கை தட்டுக்கும் வாய்க்கும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா மென்றுகொண்டே என் பக்கம் சாய்ந்து, அடுத்தவர் சாப்பிடுவதைத் தனக்கும் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, குரோக் என்றார். கேட்டாயா, அதற்குக்கூட வெள்ளைக்காரன் ஒரு சொல் வைத்திருக்கிறான் என்று ஆச்சரியப்பட்டார். அந்தச் சொல்லை நினைத்து நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே மிச்சப் பாணையும் சாப்பிட்டு முடித்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அவருக்குக் கல் நெஞ்சு என்று நான் சொல்லவில்லை. சொல் கிடைத்துவிட்டால் அவருக்கு அந்த விஷயம் முடிந்துவிடும், அவ்வளவுதான். பசிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, பிறகு பசியை என்ன செய்வது என்பது அவருடைய யோசனையில் வராது. நானும் என் பங்குப் பாணைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இனி அக்காவின் விஷயம்.

தோட்டத்துச் சனங்களுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத காலம் அது, இலங்கைக்கோ இந்தியாவுக்கோ மனுப் போட வேண்டும். எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு, அது கிடைத்துவிட்டது. பக்கத்து லயத்தில் மச்சானுடைய அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். ஒரே தோட்டம், ஒரே கொழுந்து நிறுக்கிற மடுவம், ஒரே மாரியம்மன் கோயில். ஆனால் எங்கள் வீடு இலங்கை, அவர்கள் வீடு இந்தியா. அக்கா மச்சானைக் கட்டிக்கொண்டதும் அவளும் இந்தியா ஆகிவிட்டாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தோட்டத்தில் எத்தனையோ பேர் பாஸ்போர்ட் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வருஷக்கணக்காக இங்கேயே இருந்தார்கள். எழுபத்தேழில் மச்சானுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் குடும்பத்தோடு கப்பல் ஏற வேண்டும்.

அக்காவுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் அவளைச் சோதித்துப் பார்த்து, ரயிலும் கப்பலும் ஆகவே ஆகாது, பிள்ளை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று சொல்லி, ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். பிள்ளையைப் பெற்றெடுக்கும்வரை நாள் கேட்டால் போதும். ஆறு மாதம். அதற்கு ஒரு பெட்டிசம் வேண்டும். தங்கச்சி மாத்தளையில் கிளாக்கரையாவிடம் வேலை செய்கிறாள், பிறகு என்ன கவலை என்று வீட்டில் எல்லாருக்கும் தைரியம். எனக்கும்தான்.

மச்சான் வந்து வாங்கில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஐயா கண் கலங்கிவிட்டார். அது பொய்க் கண்ணீர் இல்லை. இந்தப் பெட்டிசத்தைத் தன் வாழ்க்கையிலேயே சிறந்ததாக எழுதப் போவதாகச் சொல்லி, இரண்டு நாள் வேறு வேலை எதையும் தொடாமல் டிக்ஷனரியோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நான்கு பக்கம் கையெழுத்தில் என் மேசைக்கு வந்தது. முதல் பக்கம் முழுக்க மகாராணி காலத்து மரியாதை வார்த்தைகள். இரண்டாம் பக்கத்தில் எங்கள் பாட்டன் பூட்டன் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட கதை. மூன்றாம் பக்கத்தின் நடுவில், கமாவுக்குக் கமா கட்டி நீண்ட ஒரு வசனத்துக்குள்ளே, மனுதாரரின் மனைவி என்செயின்ட் ஆக இருக்கிறாள் என்று ஒரு இடம் வந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. கேட்டேன்.

"மாசமா இருக்கிறதுதான் புள்ள. பழைய காலத்துக் கண்ணியமான சொல்லு. பிரெக்னன்ட்னு மாட்டுக்கும் எழுதுவான், மனுசிக்கும் எழுதுவான். உங்க அக்காவ அப்பிடி எழுதலாமா?"

டிஸ்பென்சர் கொடுத்த துண்டை ஐயா எடுத்துப் பார்த்தார். எட்டாம் மாதம், கர்ப்பிணி, பயணம் ஆகாது என்று கோழிக் கிறுக்கலில் ஒரே வரி. அந்தச் சில்லறை இங்கிலீஸைச் சேர்த்து வைத்தால் பெட்டிசத்தின் தரம் கெட்டுவிடும் என்று சொல்லி அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கணம், கந்தோரில் இருக்கிற பொடியன்களுக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும் என்று என் மனதில் ஓடியது. ஓடியது என்பதை மறைக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐயாவை எதிர்த்துப் பேசப் பயமா என்றால், பயம் இல்லை. மாத்தளை டவுனிலேயே அந்தச் சொல் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. லயத்தில் பிறந்த என் அக்காவுக்குத் துரைசாணிகளுக்கு எழுதுகிற சொல்லை எழுதுகிறோம் என்ற பெருமை. ஒரு பிழை இல்லாமல் அழகாக அடித்துக் கொடுத்தேன்.

மச்சான் பெட்டிசத்தை நோட்டீஸ் அனுப்பிய கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தார். முன்னால் இருந்த கிளாக்கர் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். மச்சான் நன்றாகச் சிங்களம் பேசுவார். ஆனால் ஐயா சொல்லிக் கொடுத்தபடி, எல்லாம் அதிலே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். திரும்பி வந்து அதைச் சொன்னபோது ஐயா அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. நான் போய்க் கேட்டுவரட்டுமா என்று ஐயாவிடம் இரண்டு தடவை கேட்டேன். மேலே போய்க்கொண்டிருக்கும்போது கீழே இழுக்காதே என்றார். நான் அவர் சொல்லைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டீஸில் சொன்ன நாளும் வந்தது. போகாவிட்டால் பொலிஸ் வந்து ஏற்றும் என்று கிராம சேவகர் ஆள் அனுப்பினார். மச்சானுடைய அப்பா அம்மா எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள். கண்டி ஸ்டேஷனில் அக்காவை இரண்டு பேர் தாங்கிக் கோச்சியில் ஏற்றினோம். அவள் அழவில்லை. உட்கார இடம் கிடைத்ததே பெரிது என்று ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிசத்துக்குப் பதில் வந்தால் தலைமன்னாருக்குத் தந்தி அடி, அங்கேயிருந்து திரும்பி வந்துவிடுகிறேன் என்றாள்.

அதற்காகத்தான் மூன்றாம் நாள் நான் அந்தக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் நல்ல மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஃபைலை எடுத்துக் காட்டினார். நான் அடித்த நான்கு பக்கமும் அப்படியே இருந்தன. தெரியாத சொல்லுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். சில வரிகளில் கோடு போடாத சொல்லே இல்லை. மொழிபெயர்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி ஒருவருக்கு அனுப்பி, அவர் தனக்கும் விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார். அப்படியே கிடந்திருக்கிறது. மேலே போகவே இல்லை. மேலே யாரும் இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்தான் பார்த்து எழுதுவார், பெரியவர் கையெழுத்து மட்டும் போடுவார்.

கடைசியில் விஷயம்தான் என்ன, மிஸ் என்று அவர் கேட்டார். அக்காவுக்கு எட்டு மாதம், பிள்ளை பிறக்கும்வரை நாள் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு வசனம்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கர்ப்பிணி என்று ஒரு டாக்டர் துண்டு கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே நாள் நீட்டிக் கொடுத்திருப்போமே, போன மாதம்கூட இரண்டு பேருக்குக் கொடுத்தோம், ஏன் அதை எழுதவில்லை என்றார். எழுதியிருக்கிறது என்று மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்த அந்தச் சொல்லை அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். இது ஏதாவது ஒரு பொம்பளையின் பெயர் என்று நினைத்தேன் என்றார். அங்கேயிருந்தபடியே தலைமன்னாருக்கு டெலிபோன் போட்டுப் பார்த்தார். அந்தக் கப்பல் முதல்நாளே போய்விட்டது.

நாற்பது நாள் கழித்து மச்சானுடைய கடிதம் வந்தது. மச்சான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர். கப்பலில் வலி வந்துவிட்டது, கரையில் இறங்கிய இடத்திலேயே பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை, அழவில்லை, இரண்டாம் நாள் அவளும் போய்விட்டாள், அம்மாவிடம் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் எனக்கு விளங்காத சொல் ஒன்றும் இருக்கவில்லை.

நான் ஐயாவிடம் போய்ச் சண்டை போடவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஆனா அந்தச் சொல்லு சரியான சொல்லுதான் புள்ள" என்றார். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான். சம்பளத்துக்கும் போகவில்லை, அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ரோட்டில் எதிரே வந்தால் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். யாராவது அவருடைய பெயரை எடுத்தால், என் அக்காவைக் கொன்றவர் அவர் என்று சொல்வேன். கூசாமல் சொல்லியிருக்கிறேன், பல பேரிடம்.

சிங்கள டைப்பிங் படித்துக்கொண்டு காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸ் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் மிளகுக் கடையைக் கொளுத்தினார்கள். மாடியும் சேர்ந்து எரிந்தது. கறையான் மிச்சம் வைத்ததை நெருப்பு எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கடையை எரித்தவர்கள் எங்களையும் தேடித்தான் வந்தார்கள், நாங்கள் ஒரு சிங்கள வீட்டு சாமான் அறையில் ஒளிந்திருந்தோம், அந்த நேரத்திலும் அந்தச் சந்தோஷம் வந்தது. அதற்கு ஒரு சொல் எந்த டிக்ஷனரியிலாவது இருக்கும்.

தொண்ணூறில் ஒருநாள் அவர் நொத்தாரிஸ் கந்தோருக்கு வந்தார். நான் அங்கே இருப்பது தெரிந்துதான் வந்திருந்தார். எப்போதும் போடுகிற கோட்டு இல்லை, சட்டைக்குப் பொத்தான் இல்லை, கண் ஒன்று பூ விழுந்திருந்தது. அடையாள அட்டை அந்தத் தீயிலேயே போய்விட்டது. ஏழு வருஷமாக அது இல்லாமலே ஒப்பேற்றிவிட்டார். இப்போது சந்திக்குச் சந்தி சோதனை. இரண்டு தடவை லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை அடியும் விழுந்திருக்கிறது. புது அட்டைக்கு அவரே மூன்று பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறார், இங்கிலீசில். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். பிறகு தாளை மாட்டி, அவர் பெயரில் அடித்தேன். எனக்கு எழுபத்தாறு வயது. என் அடையாள அட்டை எண்பத்துமூன்றில் எரிந்துவிட்டது. எனக்குப் புதிய அட்டை வேண்டும். சிங்களத்தில் இந்த மூன்று வரிதான். கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டினேன். அவர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

மூன்று வரியில் அவர்களுக்கு என்ன விளங்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்ததை, கந்தோரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் சொன்னேன்.

"அக்காவுக்கும் மூணு வரிதாங்க ஐயா தேவப்பட்டுச்சு. மாசமா இருக்கான்னு ஒரு வரி இருந்திருந்தா அவ இன்னைக்கு இருந்திருப்பா."

அவர் கையெழுத்தை வைத்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"மாத்தளையிலேயே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு, புள்ள. நான் எழுதினேன். நீ டைப் அடிச்ச."

வஞ்சம் தீர்க்கிற மாதிரியோ பழி போடுகிற மாதிரியோ அவர் அதைச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக ஆறப்போட்டு வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அவருக்கு அட்டை இரண்டு கிழமையில் வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து யாரிடமும் நான் அவரைப் பற்றி, என் அக்காவைக் கொன்றவர் என்று சொல்வதில்லை.